மார்கழிக்கு மட்டும் வரும் வேட்டிகள்

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழி. மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து கோயில் குளத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சின்னச் சந்தில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது உங்களுக்கு முழுதாகப் புரியாது. சாந்தோமில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஒரு தனியார் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விடை சரியாக இருந்தாலும் ஒரு ஸ்டெப் விட்டிருந்தால் முழு மார்க் போடமாட்டேன். "ஆன்சர் கரெக்ட்தானே மிஸ்" என்று வந்து நிற்கும் பிள்ளைகளை, "எப்படி வந்துச்சுன்னு காட்டு" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். வீட்டிலும் அதே அதிகாரம்தான். "உனக்கு மார்க் போட யாராவது வருவாங்க, இரு" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

தனியார் பள்ளி என்பதால் எனக்குப் பென்ஷன் கிடையாது. கம்பெனி வேலையில் இருந்த அவருக்கும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஓய்வின்போது வந்த பணம், அம்மா எனக்கென்று விட்டுப்போன நகைகளை விற்ற பணம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கி வாடகைக்கு விடுவது, அந்த வாடகையில் சாகும்வரை யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பது என்பதுதான் எங்கள் திட்டம். இது போனால் அடுத்தது என்று எங்களிடம் எதுவும் இல்லை.

தரகர் காட்டிய நாலாவது வீடு எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, சமையலறைக்குக் காலை வெயில். வீட்டுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அப்பா உயில் எழுதி வைத்துவிட்டுப் போன வீடு அது. ஒல்லியாக, பளிச்சென்ற வேட்டியில், நெற்றியில் விபூதியோடு இருப்பார். எந்தத் தெருமுனையில் எந்தக் கடை எப்போது மூடப்பட்டது என்பதுவரை சொல்வார்.

விலை பேச அவர் எங்களைக் கூப்பிட்ட இடம், மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் ஒரு சபாவின் கேன்டீன். "ஆத்துல உக்காந்து பேசினா ஒத்தர் மூஞ்சியை ஒத்தர் பார்த்துண்டு உம்முனு இருப்போம். இங்க வந்துடுங்கோ, அடை சாப்ட்டுண்டே பேசிடலாம்" என்றார். கிறிஸ்துமஸுக்குக் கேக் மாவு கலக்கிக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு, பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே இருந்தும் ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத அந்த கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது அடையில் விலை படிந்தது. ஒரு சின்னத் தொகையை முன்பணமாகக் கொடுத்து ஒப்பந்தமும் போட்டோம். மார்கழியில் பத்திரம் பதியக்கூடாது என்று அவர் சொன்னதால், தை பிறந்து பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாளுக்குப் பதிவை வைத்துக்கொண்டோம்.

இடையில் கிடைத்த நாட்களில் நான் அந்த வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தேன். முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம், உயில், பட்டா, சொத்து வரி ரசீது, எதையும் விடவில்லை. மயிலாப்பூரில் கோயில் நிலமாக இருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதற்கும் தனியாக அலைந்து விசாரித்தேன். வக்கீல் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்களே எங்க தொழிலுக்கு வந்திருக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் என் கால் தரையில் பாவவில்லை.

அந்த வீட்டில் என் கண்ணில் பட்ட குறை ஒன்றே ஒன்று. கேட்டுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நின்றது. கரிப் பெட்டி, புகை, பக்கத்தில் துணி மூட்டைகள். கார் வைத்திருப்பவர்கள் திருப்பி உள்ளே வரச் சிரமப்படுவார்கள், நல்ல வாடகை வராது என்று என் மனம் கணக்குப் போட்டது. வண்டிக்குப் பின்னால் ஒரு மனுஷி இருப்பதை நான் கவனித்ததாகக்கூட நினைவில்லை. தரகரிடம், "பதிவு முடிஞ்சதும் அந்த வண்டியை எடுக்கச் சொல்லிடணும்" என்றேன். "அது ஒரு மேட்டரா மேடம், நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்ன நிமிஷமே எனக்கு அது மறந்தும் போய்விட்டது.

அடுத்து தி. நகரில் இருக்கும் ஆடிட்டரிடம் போனேன். ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ வீடு வாங்கினால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதத்தை வாங்குகிறவரே பிடித்து வரியாகக் கட்டிவிட வேண்டும். எனக்கு அது முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்வதில் ஒரு சந்தோஷம். ஆடிட்டர் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார், "விக்கிறவர் இந்தியாவுலதானே இருக்கார்?"

"சார், அவர் மாட வீதியைத் தாண்டி ஒரு ராத்திரி படுத்திருக்க மாட்டார்" என்றேன் சிரித்துக்கொண்டே. அவரும் சிரித்தார், எழுதிக்கொண்டார். எப்படி வந்தது என்று காட்டாமல் விடையை மட்டும் எழுதியிருந்தேன். அன்று எனக்கு மார்க் போட யாரும் இல்லை.

பதிவுக்கு ஆறு நாள் இருந்தது. ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்க அளவு எடுக்கலாம் என்று காலை பதினொரு மணிவாக்கில் தனியாகக் கிளம்பிப் போனேன். மாடியில் வீடு பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. கீழே வந்து கேட் ஓரமாக நின்றேன். சென்னை வெயிலுக்கு மார்கழி என்ன, சித்திரை என்ன? மரத்து நிழல் முழுக்க அந்த வண்டிக்குத்தான் விழுந்தது. புகை வேறு. அந்தப் பக்கம் போகக்கூடாது என்று வீம்பாக வெயிலிலேயே நின்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த இஸ்திரி அம்மா, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மூட்டையைத் தூக்கிக் கீழே வைத்தார். முந்தானையால் நாற்காலியைத் துடைத்து நிழலில் இழுத்துப் போட்டார். "மாடி வூட்டு ஐயாவைத்தான பாக்கணும்? கச்சேரிக்குப் போய்க்கீறாரு. வர்ற டைம்தான். இப்டி வந்து குந்துங்கம்மா."

நான் உட்கார்ந்தேன். யாருடைய வண்டியை எடுக்கச் சொன்னேனோ அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தர்மசங்கடமாக இருந்தது. அதை மறைக்க எதையாவது பேச வேண்டுமே என்று, வண்டிமேல் அடுக்கியிருந்த வெள்ளை வேட்டிகளைக் காட்டி, "இவ்ளோ வேட்டி யாரோடது?" என்று கேட்டு வைத்தேன்.

"ஐயாவோடதுதான்" என்றார் அந்த அம்மா, அடுத்த வேட்டியில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே. "இந்த வூட்டு மூட்டை மார்கழிக்கு மட்டும்தாம்மா வரும். அவுரு வேட்டி வந்தாதான் மார்கழி பொறந்துச்சுன்னே எனக்குத் தெரியும். பொங்கல் முடிஞ்சி நாலு நாள்ல பிளேன் ஏறிடுவாரு. மீதி பதினோரு மாசமும் வூடு பூட்டிதான் கீது. சாவிகூட என்னாண்டதான் கீது."

"எங்கே போவாரு?"

"அமெரிக்காதான். என் பெரிய பொண்ணு வயித்துல கீறப்போ போனாரு. அவளுக்கே இப்போ ரெண்டு புள்ள ஆயிட்சி. வருசா வருசம் கச்சேரி கேக்க ஒரு மாசம் வந்துட்டுப் பூடுவாரு."

முதலில், அடடே, அமெரிக்காக்காரரா என்றுதான் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாவது வேட்டி மடிந்து அடுக்கில் ஏறும்போதுதான் ஆடிட்டரின் கேள்வி காதில் விழுந்தது. என்ன ஆபத்து என்று அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் அவர் காரணமில்லாமல் அதைக் கேட்டிருக்க மாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எழுந்து ஓடி, சந்து முனையில் ஆட்டோ பிடித்தேன்.

ஆடிட்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "டீச்சர், நான் அன்னைக்கே கேட்டேனே?" என்றார்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் பிடிக்க வேண்டியது ஒரு சதவீதம் இல்லையாம், அதைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் அவருக்குக் கிடைக்கும் லாபத்துக்கு மட்டும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ள முடியாது, மொத்த விலைக்கும் பிடிக்க வேண்டும். குறைத்துப் பிடிக்கலாம் என்று வருமான வரித் துறையிடமிருந்து அவர் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால்தான் குறைக்கலாம். பிடிக்காமல் மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டால்?

"அவர் பிளேன் ஏறிப் போயிடுவார். அந்த வரியை, வட்டியோட அபராதத்தோட, உங்களைத்தான் கேப்பாங்க" என்றார்.

மனக்கணக்குப் போட எனக்குக் காகிதம் தேவையில்லை. நாலைந்து வருட வாடகை. எங்களிடம் மிச்சம் இருக்கப் போவது அந்த வீடு மட்டும்தான். அந்தப் பணத்தைக் கட்ட அந்த வீட்டையேதான் விற்க வேண்டியிருக்கும். இதற்காக விற்ற அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி ஞாபகத்துக்கு வந்து, அந்த அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தரகருக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அமெரிக்கான்னு எனக்குத் தெரியும் மேடம். அதெல்லாம் யாரும் பாக்கறதில்ல. நீங்க பாட்டுக்கு ஒரு பர்சென்ட் கட்டிட்டுப் போங்க" என்றார். முடியாது என்றேன். குரல் மாறியது. "அப்போ இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள சொல்லிடுங்க. வேற பார்ட்டி ரெடியா இருக்கு. அவங்க இந்த மாதிரி கேள்வியெல்லாம் கேக்க மாட்டாங்க." அந்த நிமிஷம் எனக்கு அந்த வீடும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம், ஆளை விட்டால் போதும் என்று இருந்தது. என் கணவர்தான், "தப்பு பண்ணினது தரகர். வீட்டுக்காரரை நேர்ல ஒரு வார்த்தை கேட்காம நாமளா ஏன் முடிவு பண்ணணும்?" என்று என்னைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் காபி போடப் போனார். நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் எதையும் மறைக்கலையே! தரகர்ட்ட மொத நாளே சொன்னேன். அவர்தான், இந்த ஆத்து விலாசம் இருந்தாப் போறும்னார்" என்றார். நான் பிடிக்க வேண்டிய தொகையைச் சொன்னதும் அவருக்கும் கோபம் வந்தது. அவ்வளவு பணத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பணம் முழுதாக உடனே வேண்டும் என்றால் அந்த இன்னொரு பார்ட்டியிடம் அவர் போயிருக்கலாம். கடைசியில் அவர் ஆடிட்டரின் நம்பரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அன்று மாலை அவரிடமிருந்து போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போகியன்று காலையில்தான் வந்தது.

"உங்க ஆடிட்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொல்றது வாஸ்தவம். இத்தனை வருஷம் அங்கேயும் இங்கேயுமா இருந்துண்டு, நானும் இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்காம விட்டது தப்புதான்" என்றார். சான்றிதழுக்கு அவரே விண்ணப்பித்தார். அது வரச் சில வாரம் ஆகும். அதனால் பதிவைத் தள்ளி வைத்து, தன் சார்பில் கையெழுத்துப் போட அடையாறில் இருக்கும் தன் தங்கைக்கு அதிகாரம் எழுதி, முறையாகப் பதிந்து கொடுத்துவிட்டுப் பிளேன் ஏறினார். கிளம்பும் முன், "நீங்க கேட்காம இருந்திருந்தா உங்களைத்தான் அலைய விட்டிருப்பேன் டீச்சர். அங்க போய் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்றார். அப்படி ஒரு மனிதரிடம் வீடு வாங்கினோம் என்பது எனக்கு இன்றைக்கும் நிம்மதி.

மாசியில் சான்றிதழ் வந்தது. அதில் சொன்னபடி பிடித்துக் கட்டினோம். ஏற்கெனவே கொடுத்திருந்த முன்பணத்துக்குப் பிடிக்காமல் விட்டதற்காகக் கொஞ்சம் வட்டி கட்ட வேண்டி வந்தது. நான் விட்ட ஸ்டெப்புக்கு அந்த ஒரு மார்க் போனது நியாயம்தான். பதிவன்று, இடையில் எங்கள் போனையே எடுக்காத தரகர், எதுவுமே நடக்காததுபோலச் சிரித்த முகத்தோடு கமிஷனுக்கு வந்து நின்றார்.

சாவி கைக்கு வந்ததும் நான் முதலில் மாடிக்குப் போகவில்லை. ஒரு பெட்டி ஸ்வீட்டும் ஒரு புடவையும் வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அந்த அம்மா கரியை ஊதிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். வரி, சான்றிதழ் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. "நான் இன்னாம்மா பண்ணேன்? வேட்டியப் பத்தி கேட்டீங்க, சொன்னேன்" என்று சிரித்தார்.

அதோடு நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்தப் புடவையை அப்படிக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்மா" என்றார் அவர், பெட்டியில் சாம்பலைத் தட்டியபடி. "புரோக்கரு கிறிஸ்மஸ் அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு, புது ஓனரம்மா வண்டி இருக்கக்கூடாதுங்கறாங்க, பொங்கலோட எடுத்துடுன்னு. அசோக் நகர்ல என் நாத்தனார் வூட்டாண்ட ஒரு எடம்கூடப் பாத்து வெச்சேன். அப்பால பதிவு தள்ளிப் போயிட்சின்னு ஐயா சொன்னாரு. அதான் இன்னும் இங்கயே கீறேன்."

கிறிஸ்துமஸ் அன்று. நான் வீட்டில் கேக் வெட்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்த அதே நாளில், என் பெயரைச் சொல்லி ஒரு ஆள் இவரிடம் வந்து இதைச் சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம்தான் இரண்டு வாரம் கழித்து நான் இந்தக் கேட் ஓரம் வந்து நின்றேன்.

"அன்னைக்கு வந்தது நான்தான்னு தெரிஞ்சேதான் எனக்கு நாற்காலி போட்டீங்களா?"

"நீங்கதான்னு தெரியும். வூடு பாக்க வந்தப்பவே பாத்துகீறேன்." இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார். "வெயில்ல நின்னுகினு இருந்தீங்களேம்மா."

என்னால் நிற்க முடியவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பதறிப்போய் எதிர்க் கடையிலிருந்து டீ வாங்கி வந்து கொடுத்தார். வண்டி எங்கேயும் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு டீ பாதி தீர வேண்டியிருந்தது.

வண்டி இன்றும் அங்கேதான் நிற்கிறது. இப்போது குடியிருப்பவர்கள் கார் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை முன்னும் பின்னும் போய்த்தான் திருப்புகிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை. மாடி வீட்டுச் சாவி முன்போலவே அந்த அம்மாவிடமும் ஒன்று இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அவர் நாற்காலியைத் துடைத்துப் போடுவார், நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அந்த வீட்டின் முப்பது வருடக் கதையைத் தாள் தாளாகப் படித்தவள் நான், அதன் வாசலில் இருந்தவரை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வெயிலில் என்னை நிற்க விட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது, ஆனாலும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியைத் துடைத்தாரே, அந்தக் கைகளுக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவள்.